நீவிவிட்டால் வலி ஏன் குறைகிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கோரிமேட்டைத் தாண்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகத்தான் மலையடிவாரத்தைத் தொடுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியையும் அங்கே உழைக்கிற உடம்புகளை வைத்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவரின் தோள், இளம்பிள்ளையில் தறிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவரின் கெண்டைக்கால், கொலுசுப் பட்டறையில் குனிந்தபடியே பற்றவைக்கிற பெண்ணின் கழுத்து, நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகிற ஓட்டுநரின் இடுப்பு, திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் போர்வெல் போடுகிறவரின் முதுகு. இந்த வட்டாரத்தின் வருமானமே இந்தத் தசைகளின் மேல்தான் நிற்கிறது.

அவை பிடித்துக்கொண்டால் வீட்டில் கேட்கும் முதல் உதவி ஒன்றுதான்: கொஞ்சம் பிடிச்சுவிடு, கொஞ்சம் நீவிவிடு. சுளுக்கு என்றால், வழித்துவிடத் தெரிந்த ஒரு அம்மா ஊரில் இருப்பார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் வழித்தால் சீக்கிரம் விடும் என்று தேடிப் போகிறவர்கள் உண்டு. மூச்சுப்பிடிப்புக்கு, கால் முன்னால் வந்து பிறந்தவரைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. யார் கை என்பதில் உள்ள இந்த நம்பிக்கைகளுக்குச் சான்று கிடையாது. நீவிவிட்டால் வலி குறைகிறது என்ற அனுபவத்துக்கோ சான்று உண்டு. அதுவும் மூலக்கூறு வரை இறங்கிப் பார்த்த சான்று. கடந்த அறுபது ஆண்டுகளில் அது அடுக்கடுக்காகத் தெரியவந்திருக்கிறது. கை படுவது தோலிலும் தசையிலும் என்றாலும், வேலை பெரும்பாலும் நடப்பது நரம்பில் என்பதே அதன் சாரம்.

நம் பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்கலாம். உடம்புக்கு வெளியே செய்யும் சிகிச்சைகளைச் சித்த மருத்துவம் புறமருத்துவம் என்று தனியாகப் பிரித்து, 32 என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம் என்று போகும் அந்த வரிசையில் மசாஜுக்கு உரிய இடம் தொக்கணம். அதிலும் 9 வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். சேலத்துக்காரர்களுக்கு இது ஏட்டோடு நின்றுவிட்ட சங்கதி இல்லை. கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசை தோறும் கூட்டம் போகிறது. சேலத்திலேயே சிவராஜ் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் தொக்கணம், வர்மம் இரண்டும் பாடமாகவும் சிகிச்சையாகவும் தொடர்கின்றன.

புறமருத்துவ அறையில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் நிதானம் புரியும். தைலத்தை நேரே அடுப்பில் காட்டுவதில்லை. கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் தைலக் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்குகிறார்கள். சிகிச்சை செய்கிறவர் முதலில் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார். பலகையில் படுத்திருப்பவர் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து விரல் நுனி வரை உள்ளங்கை முழுதும் படிய முதலில் ஒரு நீண்ட நீவல். சில தடவை அது மட்டுமே. பிறகு கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே தசையை எடுத்துப் பிடித்துப் பிடித்து விடுவது. அதன்பின் முழங்கையை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, மூடிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாகத் திறப்பது. கை இறுகி நிற்கும் இடத்தில் அவசரப்பட்டு இழுப்பதில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, அது தளரும் வரை காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பைத்தான் இந்தத் தொழிலின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது தோலுக்கு அடியில் போவோம்.

நம் தோலில் தொடுகையை அறியும் உறுப்புகள் ஒரே மாதிரியானவை அல்ல. மெர்க்கெல் செல்கள் நின்று அழுத்துவதை உணர்கின்றன. மெய்ஸ்னர் உறுப்புகளுக்கு மெல்லிய அசைவு போதும். ருஃபினி முனைகள் தோல் இழுபடுவதை அறிகின்றன. ஆழத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், அடுக்கடுக்காகச் சுற்றிய பாசினி உறுப்பு அதிர்வுக்கென்றே இருக்கிறது. தசைக்குள்ளே இருக்கும் கதிர் போன்ற நுண்ணுறுப்புகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை நொடிக்கு நொடி தண்டுவடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தொக்கணத்தின் 9 வகையை இவற்றோடு பொருத்திப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்கவில்லை. தட்டினால் பாசினி, அழுத்தினால் மெர்க்கெல், இழுத்தாலும் முறுக்கினாலும் ருஃபினி, மூட்டை அசைத்தால் தசைக்கதிர்கள். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், கை அனுபவத்தை மட்டும் வைத்துப் பிரித்த பிரிவுகள் அவை.

இந்த உறுப்புகளில் பல, அழுத்தத்தை மின்சாரமாக மாற்ற நம்பியிருப்பது பியேசோ-2 என்ற ஒரு புரதத்தை. செல்லின் உறையில் பதிந்திருக்கும் அந்தப் புரதம், உறை வளைந்தால் திறக்கிறது, மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பு துடிக்கிறது. இந்தப் புரதக் குடும்பத்தை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு, வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுடன் சேர்த்து 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பாட்டி நம் முதுகில் கை வைக்கும்போதெல்லாம் திறந்துகொள்வது இந்தக் கதவுதான்.

தொடுகை தெரிந்துவிட்டது. வலி ஏன் குறைய வேண்டும்? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விடை முன்வைத்தார்கள். வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகள் மெல்லியவை, மெதுவானவை. தொடுகையைக் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, வேகமானவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே தடித்த இழைகளின் செய்தி ஓங்கி வரும்போது, வலியின் செய்தி மூளைக்கு ஏறுவது தடுக்கப்படுகிறது. கதவுக் கொள்கை என்று இதற்குப் பெயர். அதன் நுணுக்கங்கள் பின்னால் நிறையத் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. முழங்கால் இடித்துக்கொண்ட குழந்தை யாரும் சொல்லித் தராமலே அந்த இடத்தைப் பரபரவென்று தேய்ப்பது இதனால்தான்.

மனிதத் தோலில் இன்னொரு தனி வகை இழையும் இருப்பதை ஸ்வீடனில் ஓகே வால்போ, ஹோகன் ஒலாவ்ஸன் ஆகியோரின் குழுக்கள் விரிவாக ஆராய்ந்தன. சி-தொடு இழை என்பார்கள். முடி உள்ள தோலில் நிறைய இருக்கும். வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். எங்கே தொட்டார்கள், எதனால் தொட்டார்கள் என்ற விவரங்களைச் சொல்ல அது லாயக்கில்லை. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், சுமார் 3 செ.மீ. வேகத்தில் மிக அதிகமாக, மென்மையாக நீவும்போது அது துடிக்கிறது. தொடுகிற பொருள் தோலின் வெப்பத்தில், ஏறக்குறைய 32 டிகிரியில் இருந்தால் இன்னும் நன்றாகத் துடிக்கிறது. அது போய்ச் சேருமிடம் மூளையில் உடலின் நலத்தையும் உணர்ச்சியையும் சேர்த்துக் கவனிக்கும் பகுதி. தடித்த தொடு இழைகளை நோயில் இழந்துவிட்ட ஒரு பெண்ணின் கையைத் தூரிகையால் மெல்ல வருடிய ஆய்வு 2002-இல் வெளியானது. எந்தத் திசையில் வருடினார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஏதோ மங்கலாக, இதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அன்போடு ஒருவர் நெற்றியை நீவிவிடும்போது கை தானாக எந்த வேகத்தில் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். அந்த வேகத்துக்கென்றே ஒரு நரம்பு நமக்குள் இருக்கிறது.

நரம்பைப் பற்றியே பேசுவதால் தசைக்குள் ஒன்றுமே நடப்பதில்லை என்று அர்த்தமில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் டார்னபோல்ஸ்கியின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். மற்ற தொடை சும்மா விடப்பட்டது. மசாஜ் முடிந்த கையோடும், இரண்டரை மணி நேரம் கழித்தும் இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். நீவப்பட்ட தொடையில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் சமிக்ஞைகள் கூடியிருந்தன. ஒரே மனிதர், ஒரே களைப்பு. வேறுபாடு 10 நிமிடக் கை வேலை மட்டும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தசையில் லாக்டிக் அமிலத்தின் அளவு இரண்டு கால்களிலும் ஒன்றாகவே இருந்தது. மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் என்று ஜிம் பயிற்சியாளர்கள் முதல் ஸ்பா விளம்பரங்கள் வரை சொல்லிவருவது தவறு. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் செய்த ஆய்வில், உடற்பயிற்சி முடிந்த உடனே செய்யும் அழுத்தமான மசாஜ் ரத்த ஓட்டத்தைச் சற்றுத் தடுத்து அந்த அமிலம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதாகவே தெரிந்தது. கவலைப்பட வேண்டியதில்லை, அந்த அமிலம் ஓய்வெடுத்தாலே சிறிது நேரத்தில் தானாகக் கரைந்துவிடும். உடம்பின் நச்சை வெளியேற்றும் என்ற பேச்சும் அப்படித்தான். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

வகைகளுக்கு வருகிறேன். உலகம் முழுவதும் இவை ஏராளம். ஸ்வீடிஷ் மசாஜ் என்று இன்று எல்லா ஊரிலும் விற்கப்படுவதன் அடிப்படை அசைவுகளுக்கு ஒழுங்கு கொடுத்தவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று 19-ஆம் நூற்றாண்டில் அவர் வகுத்தவை நம் தொக்கணத்துக்குத் தூரத்துச் சொந்தம் போலவே இருக்கும். தாய்லாந்தில் உடையைக் களையாமல், எண்ணெய் இல்லாமல், பாயில் கிடத்தி அழுத்தியும் இழுத்தும் செய்வார்கள். பாங்காக்கின் வாட் போ கோயிலில் 19-ஆம் நூற்றாண்டில் அந்த அறிவைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். 2019-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் ஷியாட்சுவில் விரல் அழுத்தம் முக்கியம். கேரளத்துக் களரி மரபில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே உழிச்சல் செய்கிறார்கள். குமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் புள்ளிகளை வைத்து வேலை செய்கிறவர்கள்.

எல்லாவற்றிலும் மென்மையானது, 1930-களில் டென்மார்க்காரர் எமில் வோடர் உருவாக்கிய நிணநீர் வடிப்பு. தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் அளவுக்கே அழுத்தம். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்ட பிறகு சிலருக்குக் கை வீங்கும். அந்த வீக்கத்துக்கு அழுத்தத் துணிக்கட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து இது செய்யப்படுகிறது. தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தால் அந்தக் கைக்குக் கெடுதல். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய எத்தனையோ பெண்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே யாராலும் சொல்லப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

இத்தனை வகைகளில் எது சிறந்தது? அமெரிக்காவின் சியாட்டிலில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 401 பேரை வைத்து டேனியல் செர்கின் குழு செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தசை, மூட்டுக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் நுட்பமான மசாஜ். இன்னொரு பிரிவுக்குச் சாதாரணமாக உடம்பைத் தளர்த்தும் மசாஜ். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். வாரம் ஒரு முறையாக 10 வாரம் முடிந்தபோது, இரண்டு மசாஜ் பிரிவுகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வலி மிகவும் குறைந்தது அல்லது போய்விட்டது என்றார்கள். மூன்றாவது பிரிவில் அப்படிச் சொன்னவர் 25 பேரில் ஒருவர். நுட்பமானதற்கும் சாதாரணமானதற்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது; ஓராண்டில் மங்கியது.

அளவு முக்கியம் என்பதை இன்னொரு ஆய்வு காட்டியது. கழுத்துவலி உள்ள 228 பேரில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் செய்துகொண்டவர்களுக்குத் தெளிவான பலன். அரை மணி நேரம் செய்துகொண்டவர்களுக்குச் சொல்லும்படி இல்லை. ஆகவே பெயருக்கும் விலைப்பட்டியலுக்கும் கொடுக்கும் மதிப்பைவிட நேரத்துக்கும் தொடர்ச்சிக்கும் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: முதுகுவலி மசாஜ் குறித்த 25 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, சான்றுகளின் தரம் குறைவு, பலன் குறுகிய காலத்துக்கே என்றது. ஒருவருக்கே தெரியாமல் அவருக்கு மசாஜ் செய்ய முடியாது. மாத்திரை ஆய்வு போல இதில் போலியைக் கொடுத்து ஒப்பிடுவது கடினம். மசாஜ் வலியைத் தணிக்கும், நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் இடம் கொடுக்கும். முதுகைக் காப்பாற்றுவது அந்த நடையும் உடற்பயிற்சியும்தான்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது குழந்தைகள் விஷயம். கால் நீட்டி உட்கார்ந்த பாட்டி, நீட்டிய கால்களின் மேல் பேரப்பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால்களை மாற்றி மாற்றி மடக்கி நீட்டுவதை நாம் பார்த்தே வளர்ந்தோம். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதையே செய்து பார்த்தார். அந்தக் காலத்து மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தையைத் தொடவே அஞ்சினார்கள். அவர் குழு நாளைக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு 15 நிமிடம், 10 நாள் நீவியும் கை கால்களை மடக்கி நீட்டியும் விட்டது. அந்தக் குழந்தைகளின் அன்றாட எடைக் கூடுதல் மற்றவர்களைவிட 47 சதவீதம் அதிகம். ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். இத்தனைக்கும் குடித்த பாலின் அளவு இரு பிரிவுக்கும் ஒன்றுதான். பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தைத் தேடின. மிதமான அழுத்தத்தில் நீவும்போது, மூளையிலிருந்து இரைப்பை வரை இறங்கும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்படைகிறது. இரைப்பை நன்றாக வேலை செய்கிறது. மயிலிறகு மாதிரித் தடவினால் அந்தப் பலன் இல்லை.

எண்ணெய்க்கும் பங்கு உண்டு. குறைமாதக் குழந்தையின் தோல் முழுமை பெறாதது. அதன் வழியே நீர் வெளியேறும், கிருமி உள்ளே வரும். டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெயால் நீவிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகள் கனிம எண்ணெய் தடவப்பட்டவர்களைவிட நன்றாக எடை போட்டார்கள். கடுகெண்ணெய் தோல் அரணைப் பாதிக்கக்கூடும் என்று ஆய்வக முடிவுகள் சொல்கின்றன.

சிலவற்றை மட்டும் பாட்டிமார்கள் விட்டுவிட வேண்டும். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்; அது உயிருக்கே ஆபத்து. உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதும் வேண்டாம். விடாமல் அழும் குழந்தைக்கு வேறு காரணம் இருக்கும், அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் கை படக்கூடாத நேரங்கள் உண்டு. விழுந்து அடிபட்டு வீங்கிய மணிக்கட்டையும் கணுக்காலையும் எக்ஸ்ரே எடுக்காமல் வழிக்கக் கூடாது. சுளுக்கு என்று நினைத்தது முறிவாக இருந்தால் எலும்பு விலகிவிடும். நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதை அழுத்தி நீவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து வரும் லாரி ஓட்டுநர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காய்ச்சல், எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பது, கர்ப்பம், புற்றுநோய் ஆகிய நிலைகளில் மருத்துவரிடம் கேட்ட பிறகே படுக்க வேண்டும். முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, சலூனில் முடிவெட்டி முடித்ததும் அன்போடு தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுக்கும் பழக்கம். கழுத்தெலும்பின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு இருக்கின்றன. திடீர்த் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. தலையில் எண்ணெய் வைத்துத் தட்டட்டும், தோளைப் பிடித்துவிடட்டும். நாற்காலியில் உட்காரும்போதே கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.